கடந்தவர் கணக்கு

பாதிப்பில்லைக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கே காலி மனை இருக்கிறதோ அங்கே, கட்டடம் எழும்புவதற்கு ஆறு மாதம் முன்பே, மடக்கு நாற்காலி, குடை, அட்டையில் செருகிய படிவம், காதில் பென்சில் சகிதம் வந்து உட்கார்ந்துவிடுவார். இங்கே அறுநூறு வீடு வந்தால் சாலை தாங்குமா, ஜனங்கள் நடமாட முடியுமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர் தொழில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்வார். கடைசியில் 'பாதிப்பில்லை' என்று எழுதுவார். லஞ்சத்துக்குக் கை நீட்டுகிறவரோ என்று சந்தேகப்படாதீர்கள். பாவம், யோக்கியர். படிவத்தை நம்புகிறவர், அவ்வளவுதான். அதுதான் வம்பு.

அப்படி ஒருவர் இன்று உட்கார்ந்திருப்பது தன் சொந்த வீட்டுக்கு நேர் எதிரே. நடுவில் ஆறு தடச் சாலை. இந்தப் பக்கம் மனையும் மகளின் பள்ளிக்கூடமும். அந்தப் பக்கம் வீடு. குழந்தை தினமும் தூரத்தில் வண்டிகளுக்கென்று உள்ள மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் பஸ்ஸில் வருகிறது. 'நடைபாலம் தேவை' என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், மனைக்காரர் கட்டித்தான் ஆகவேண்டும்.

மணி ஒன்று. வயிறு கடமுடா என்றது. எதிர்ச்சாரியில் மனைவி சாப்பாட்டு டப்பாவுடன் நின்றாள். போன் அடித்தது.

"ஏங்க, முக்கால் மணி நேரமா நிக்கிறேன். ஒரு வண்டிக்காரனும் விடமாட்டேங்கிறான். நீங்களாவது எந்திரிச்சு வரக் கூடாதா?"

"நான் எந்திரிச்சா கணக்கு கெட்டுப்போயிடும்மா."

"அப்ப நான் ஒருத்தி நிக்கிறேன்னாவது அதுல எழுதுங்க. பாப்பாவுக்கு ஒரு பாலமாவது வரும்."

"நீ கடந்தியா?"

"கடக்க முடியலைன்னுதானே சொல்றேன்!"

"படிவத்துல 'கடந்தவர்'னுதான் கட்டம் இருக்கு. நின்னவருக்குக் கட்டமே இல்லையே, நான் என்ன பண்ண?"

அதற்குள் ஒரு நாய் எப்படியோ தப்பிப் பிழைத்துச் சாலையைக் கடந்தது. 'பிற' என்ற கட்டத்தில் ஒன்று போட்டார். நாய்க்குக் கிடைத்த மரியாதை தாலி கட்டியவளுக்குக் கிடைக்கவில்லை, பார்த்தீர்களா?

பிறகு பெருக்கல். இன்று கடந்த மனிதர் பூஜ்யம். அறுநூறு வீடு வந்தாலும் அறுநூறு பெருக்கல் பூஜ்யம், பூஜ்யமே. ஆகவே இவ்வூர் மக்களுக்குச் சாலையைக் கடக்கும் விருப்பமே கிடையாது, பாலம் அநாவசியம். எழுதி முடித்ததும் அவருக்கே தன் அறிவை நினைத்துப் புல்லரித்தது.

எதிரே மனைவியைக் காணோம். முக்கால் மணி நேரம் கழித்து, மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு டாக்ஸி அவர் முன்னால் வந்து நின்றது. 'கார்' கட்டத்தில் ஒன்று போட்டார். 'நடப்பதைவிட மக்கள் காரையே விரும்புகின்றனர்' என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினார். அப்புறம்தான் அதிலிருந்து இறங்கியவள் யாரென்று பார்த்தார்.

"வந்துட்டியா! குடு, குடு."

டப்பாவைத் திறந்தார். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"சாப்பாடு எங்கடி?"

"டிரைவர் அண்ணன் பசிக்குதுன்னு கேட்டாரு, குடுத்துட்டேன். நீங்கதான் போன்ல ஒரு வார்த்தை பசிக்குதுன்னு கேக்கவே இல்லையே. கேக்காதவங்களுக்குப் பசி இல்லைன்னு நானே கணக்குப் போட்டுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள். அவருக்கு எரிச்சலான எரிச்சல். வெகு நேரம் யோசித்தார். பிறகு, இருபது வருஷ உத்தியோகத்தில் முதல் முறையாக, படிவத்தில் கைப்படவே ஒரு புதுக் கட்டம் வரைந்தார். தலைப்பு: 'காத்திருப்போர்'. யோசித்து யோசித்து அதில் ஒன்று என்று நிரப்பினார்.

அந்த ஒருவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் அவரேதான்!

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். 'எங்க வீட்டுல யாருக்கும் ஒரு குறையும் இல்ல, இருந்தா வாய்விட்டுச் சொல்லியிருப்பாங்களே' என்று போன வாரம்தான் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்கள் பக்கத்தில் நின்றிருந்தவர் முகத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தீர்களா?