காக்ஸ் டவுன் பாடகர் குழு கைபேசிக்குள் அடங்கிய விதம்

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.

பேரன்புமிக்க டெஸ்மண்ட் மச்சானுக்கு,

ரெமிஜியஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை ஃபிலோமினாவும் சுகம். ஓசூரில் நீங்களும் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டிக்கொள்கிறோம். இனி உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஜெயித்துவிட்டோம், மச்சான்! தேவாலயப் பங்குகளுக்கு இடையிலான பாடகர் குழுப் போட்டியில் முதல் பரிசு எங்களுக்குத்தான். ஆறு வருடமாகப் பக்கத்துப் பங்கிடம் தோற்றுத் தோற்று, அவர்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு நான் மளிகைக் கடைக்கே சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் நடுவர்கள் நேரில் வரவில்லை. ஒவ்வொரு பங்கின் இணையதளத்திலும் இருக்கும் வீடியோவைத் தங்கள் கைபேசியில் பார்த்து மார்க் போடுவதாக ஏற்பாடு. எங்கள் இணையதளம் நான் செய்தது. பணி ஓய்வுக்குப் பிறகு மூன்று வாரம் வகுப்புக்குப் போய்க் கற்ற வித்தை, கணினியில் பார்த்தால் கண் பட்டுவிடும். வீடியோவை ஏற்றி எல்லோருக்கும் தகவல் சொன்ன ஐந்தாவது நிமிடம் செசிலி டீச்சர் போன் செய்தார். "என்ன ரெமிஜியஸ், முப்பது வருஷமா முதல் வரிசைல நிக்கிறேன், என்னையே தூக்கிட்டீங்களா?" கைபேசியில் திறந்து பார்த்தால் இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு பேரைக் காணோம், டீச்சருக்கு ஒரு விரலும் பாட்டுப் புத்தகமும் மட்டும் மிச்சம்.

நின்ற விதம்தான் தப்பு என்று நானே முடிவுகட்டி, மறுபடி எல்லோரையும் வரவழைத்து, பீடத்துக்கு முன்னால் நடுவில் நெருக்கி, பின்வரிசையைப் பெஞ்சு மேல் ஏற்றி, யார் நடுவில் நிற்பது என்ற சண்டையையும் தீர்த்துவைத்தேன். படமெடுக்க வந்த மஞ்சுநாத், "சார், இன்னும் ஒட்டி நின்னா பாடுறதுக்கு மூச்சு எங்கேர்ந்து வரும்?" என்றார். பாதிப் பாட்டில் ஒரு பெஞ்சு முறிந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பாட்டு நிற்கவில்லை. அப்படியும் கைபேசியில் டீச்சருக்குப் பாதி முகம்தான் கிடைத்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் நிக்கோல் வந்தாள். "அங்கிள், ஆளுங்க மேல தப்பே இல்ல. வீடியோ பெட்டிக்கு உயரத்தை ஒரே அளவா கட்டி வச்சிட்டீங்க. ஃபோன்ல அகலம் சுருங்குது, உயரம் மட்டும் பிடிவாதமா நிக்குது, அதான் ரெண்டு பக்கமும் வெட்டுது. பதினாறுக்கு ஒன்பதுன்னு விகிதம் குடுங்க, ரெண்டும் சேர்ந்தே சுருங்கும்" என்றாள்.

ஒரே வரி, மச்சான். என் கையாலேயே தட்டினேன். கைபேசியை நிமிர்த்திப் பார்த்தேன், படுக்க வைத்துப் பார்த்தேன், பங்குத் தந்தை வீட்டு டிவியிலும் பார்த்தேன். எங்கள் இருபத்திரண்டு பேரும் முழுசாக நின்றார்கள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்று பரிசு அறிவித்தார்கள். இன்று காலை பக்கத்துப் பங்கு வாசல் வழியாகவே மளிகைக் கடைக்குப் போனேன், அதுவும் இரண்டு தடவை.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் கூறவும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ரெமிஜியஸ்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தந்தப் பங்கில் குடியிருப்பவர்கள் மட்டுமே பாடலாம் என்பது போட்டி விதி. இரண்டாம் முறை படமெடுத்தபோது உங்கள் குரலுக்கு ஆசைப்பட்டு, ஓரம் எப்படியும் வெட்டுப்படும் என்ற தைரியத்தில் உங்களைத் தள்ளி நிறுத்தியவன் நான்தான். இப்போது கூட்டமெல்லாம் நடுவில் நெருங்கி நிற்க, வெறும் இடத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் தலை முதல் செருப்பு வரை பளிச்சென்று தெரிகிறீர்கள்; அன்று அழுத கண்ணுக்கு அது படவில்லை. பக்கத்துப் பங்கு புகார் கொடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் விசாரிக்க வருகிறார்கள். சனிக்கிழமைக்குள் குடும்பத்தோடு இங்கே குடிவந்துவிடுங்கள். ஃபிலோமினா மாடி அறையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.