‘நான் பாத்துக்கறேன்’ கணவர்

கணவர்களில் ‘நான் பாத்துக்கறேன்’ என்று ஓர் இனம் உண்டு. அவரை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். குழாய் ஒழுகுகிறதா? “நான் பாத்துக்கறேன்.” ஃபேன் கறகறவென்று கத்துகிறதா? “விடு, நான் பாத்துக்கறேன்.” இந்த இரண்டு வார்த்தையை வாயால் சொன்னதுமே பாதி வேலை முடிந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் படர்ந்துவிடும், மீதிப் பாதி பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விடியும். கவனியுங்கள், இவர் சோம்பேறி இல்லை. பொய்யரும் இல்லை. மனதாரத்தான் சொல்கிறார். அதுதான் ஆபத்தே.

நம்முடைய ஆள் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறியடித்துக்கொண்டு போன் செய்தால், “பதறாதீங்க, கதவத் தட்டாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று தேன் தடவிய குரலில் சொல்வார். அவர்களும் அடங்கிவிடுவார்கள். அடங்காமல் எங்கே போவது? ஆக, நாளெல்லாம் ஆட்களை அடக்கிப் பழகியவருக்கு வீட்டிலிருக்கும் ஐந்து மாதக் குழந்தை ஒரு பொருட்டா?

அவருடைய மனைவி பல் டாக்டர். பிரசவ விடுப்பில் இருந்தார். மகள் பிறந்ததிலிருந்து தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டித் தனியாக எங்கேயும் போனதில்லை. கூடப் படித்த தோழிகள் ஹோட்டலில் சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம், ‘குழந்தை பாலுக்கு அழும்’ என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தவரை, இந்த முறை பிடிவாதமாகக் கிளப்பிவிட்டது சாட்சாத் கணவரேதான்.

“பம்ப் பண்ணின பால் ரெண்டு பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல இருக்குங்க. சுடுதண்ணிக்குள்ள பாட்டில வச்சு...”

“நான் பாத்துக்கறேன்.”

“மைக்ரோவேவ்ல மட்டும்...”

“எனக்குத் தெரியாதா? நீ கிளம்பு.”

“அவ பாட்டில்ல ஒழுங்கா குடிச்சதே இல்ல. பசி முத்தறதுக்கு முன்னாடியே குடுத்துப் பாக்கணும்.”

“ஏம்மா, லிஃப்ட்ல நிறைய ஆளுங்க மாட்டிக்கிட்டாலே சமாளிக்கிறவன் நான். இவ ஒரே ஆளு. அதுவும் பல்லு இல்லாத ஆளு.”

பல் டாக்டர் வாசல் வரை போனார், திரும்பி வந்து குழந்தைக்கு முத்தம் கொடுத்தார், மறுபடி போனார், போனை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தார். போன் கையிலேயே இருந்தது. ஒருவழியாகக் கிளம்பிப் போனார்.

முதல் கொஞ்ச நேரம் சொர்க்கம். குழந்தை சிரித்தது, ‘ங்கா’ என்றது, அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. இன்ஜினியர் ஒரு செல்ஃபி எடுத்து, ‘இன்னிக்கு நான்தான் அம்மா’ என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘சூப்பர் சார்!’, ‘கிரேட் சார்!’ என்று கைதட்டல் மழை. ஐந்து மாதமாக இதே வேலையைப் பார்க்கிறவருக்கு எந்தக் குழுவிலும் ஒரு தூறல்கூட விழுந்ததில்லை. போகட்டும்.

பிறகு குழந்தை தன் முஷ்டியை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. பசிக்கிறது என்று அதற்கு அர்த்தம். நம்மவருக்கோ அது அழகாக இருந்தது, வீடியோ எடுத்தார். வீடியோவின் கடைசியில் அழுகை தொடங்கியது. எப்படிப்பட்ட அழுகை! மூச்சை உள்ளே இழுத்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு கணம் ஊரையே காத்திருக்க வைத்து, அப்புறம் ஓங்கி எடுத்ததே ஒரு குரல். பதறாதே என்று இதனிடம் யார் சொல்வது?

அழும் குழந்தையை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, மறு கையால் முதல் பாட்டிலை எடுத்து மைக்ரோவேவில் வைத்தார். வெளியே எடுத்தபோது அது கொதித்தது. ஆறவைக்கலாம் என்று மூடியைத் திறந்து, குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்தார். சூடு விரலில் சுரீர் என்றது. அவ்வளவுதான். பாட்டில் சிங்க்கில் கவிழ்ந்து, பால் முழுவதும் சலதாரைக்குள் போயிற்று.

இன்ஜினியர் அப்படியே நின்றார். குழந்தை தூங்கும் மதியங்களில் தானும் கண்ணை மூடாமல், கட்டிலின் ஓரத்தில் முதுகைச் சாய்த்து, அந்த பம்ப் போடும் ‘கிர்ர் கிர்ர்’ சத்தத்தோடு மனைவி உட்கார்ந்திருந்தது அவர் கண்முன் வந்தது. ‘அந்தச் சத்தத்தக் கொஞ்சம் குறைக்க முடியாதா?’ என்று கேட்டது யார்? இவர்தான்.

மனைவிக்குப் போன் செய்யலாமா? செய்தால் மானம் போகும். செய்யாவிட்டால் குழந்தை தொண்டை போகும். நடுவழியாக அக்காவுக்குப் போன் போட்டார்.

“சும்மாதான்க்கா பண்ணேன். எப்படி இருக்க?”

“பின்னாடி என்னடா சைரன்?”

“டிவி.”

“டிவியில உன் பொண்ணு மாதிரியே அழறாங்களா? உன் பொண்டாட்டி எங்க?”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

“மைக்ரோவேவ்ல வைக்கக் கூடாதுன்னு அவ சொல்லலியா?”

“சொல்ல ஆரம்பிச்சா.”

அக்கா சிரித்து முடிக்கும்வரை குழந்தையும் தம்பியும் காத்திருக்க வேண்டியதாயிற்று. “சரி, இன்னொரு பாட்டில சுடுதண்ணில வை. அவ போட்டுக் கழட்டின நைட்டி ஏதாவது இருக்கும், அத எடுத்து மாட்டிக்கோ. குழந்தைக்கு அம்மா வாசனை வேணும். ஓரிடத்துல உக்காராத, நடந்துக்கிட்டே குடு. உன் மூஞ்சிய மட்டும் காட்டாத.”

மஞ்சள் பூப்போட்ட நைட்டி. தோளில் இறுக்கிப் பிடித்தது. அக்குளில் ‘டர்ர்’ என்றது. லிஃப்ட் கம்பெனியின் சீனியர் இன்ஜினியர் அந்தக் கோலத்தில் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார். குழந்தை பாட்டிலைத் துப்பியது. மறுபடி துப்பியது. பிறகு நைட்டியின் கழுத்துச் சுருக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. அழுகை விக்கலாகியது. அண்ணாந்து பார்த்தது, தாடி முள்ளைக் கண்டு முகம் மாறத் தொடங்குவதற்குள் அவர் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து வலிக்க வலிக்க ஜன்னலையே பார்த்தபடி நடந்தார். கொஞ்ச நேரத்தில் ‘களுக், களுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. குடிக்கிறாள்! கண்ணில் தூசி விழுந்ததாக அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டார். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

குழந்தை அவர் மார்பிலேயே தூங்கிப்போயிற்று. அசைந்தால் எழுந்துவிடும் என்று சோபாவில் சிலைபோல உட்கார்ந்திருந்தவரின் காதில் வாசல் சாவி திரும்பும் சத்தம் விழுந்தது. மனைவி. கூடவே, ‘குழந்தைய ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறோம்’ என்று வந்த தோழிகள் இருவர். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்திக்கு அதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை. பேச்சு வராமல் கையாட்டிவிட்டு, வந்த வழியே இருவரும் ஓடினார்கள்.

மனைவி யாருடைய ஸ்வெட்டரையோ போட்டிருந்தார். “பக்கத்து டேபிள்ல ஒரு குழந்தை அழுதுச்சு. அவ்வளவுதான், எனக்குப் பால் சுரந்து சட்டை நனைஞ்சிருச்சு. சாப்பாடு இறங்கல. ரெண்டு பாட்டிலும் குடிச்சாளா?”

இங்கேதான் இந்த இனத்துக்குச் சோதனை. ‘ஆமா’ என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

“ஒண்ணுதான் குடிச்சா. இன்னொண்ண நான் கொட்டிட்டேன்.”

“மதியமெல்லாம் தூங்காம எடுத்தேங்க அத.”

“தெரியும். கொட்டினப்புறம்தான் தெரிஞ்சுது.”

பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, நைட்டியின் கிழிந்த அக்குளில் விரலை விட்டுப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அடுத்த மாசமும் போறேன். அப்பவாவது சாப்பிடணும்.”

ஆள் திருந்திவிட்டார் என்று இங்கேயே முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாள் காலை, இன்னும் சில வாரத்தில் அப்பாவாகப் போகிற சக ஊழியர் ஒருவர், “தனியா எப்படி சார் சமாளிச்சீங்க?” என்று கேட்டுத் தொலைத்தார். நம்மவர் நாற்காலியில் சாய்ந்தார். “அது ஒண்ணுமே இல்ல. டெக்னிக் தெரியணும். முதல்ல நாம பதறக் கூடாது.”

“என்ன டெக்னிக் சார்?”

“அதெல்லாம் அனுபவத்துல வரும்.”

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: பாட்டில் கவிழ்ந்த இடத்தைப் படித்தபோது, ‘நானா இருந்தா முதல்ல குழந்தையத் தொட்டில்ல போட்டுட்டு...’ என்று உங்கள் மனசு ஆரம்பித்ததா, இல்லையா? ஆரம்பித்ததா? அப்படியானால் இந்தப் பக்கத்தை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் வைத்துவிடுங்கள். பேரைக்கூடப் போடாமல் உங்களைப் பற்றியே எழுதிவிட்டார்களே என்று அவர்கள் நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.