காற்றே போதும் என்ற ஐயம்பெருமாள்

காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கு இனி இந்த உலகத்தில் எதிர்காலம் கிடையாது என்று ஐயம்பெருமாள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தீர்மானித்தார். வெள்ளிக்கிழமை வரை அவருக்கு அப்படி ஓர் அபிப்பிராயம் இருந்ததில்லை. இடையில் நடந்தது ஒன்றுதான். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூம் வாசலில், ரேடியேட்டர் வைத்த புது வண்டி ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டார். நீல நிறம். ஐம்பதை நெருங்கும், அவரைப் போன்ற பாளையங்கோட்டைக் கல்லூரி ஆபீஸ் சூப்பிரண்டு ஒருவர் ஆசைப்படக் கூடாத நீலம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. பதினான்கு வருஷத்து வண்டி. இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள். ஓடும்போது காற்றுப் பட்டுச் சூடு ஆறும். அவ்வளவுதான் அதன் குளிர்ச்சி ஏற்பாடு. ஒருநாளும் அது வழியில் நின்றதில்லை. அதுதான் ஐயம்பெருமாளுக்குத் தலைவலி. கெட்டுப்போகாத வண்டியை என்ன காரணம் சொல்லி மாற்றுவது? இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. வீடு டவுனில் ஒரு முடுக்குக்குள், குறுகலான சந்தில் இருந்தது. வாசலில் ஒரு வண்டி நின்றாலே ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

காரணத்தை மனைவி சண்முகசுந்தரி ஏற்க வேண்டும். அவள் சேரன்மகாதேவிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "விடை இருக்கட்டும், வழி எங்கே?" என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளைக் கேட்டுப் பழகியவள். வீட்டில் கேட்க மாணவர்கள் இல்லாததால் புருஷனைக் கேட்பாள்.

"சுந்தரி, ஏர் கூல்டு இன்ஜினோட காலம் முடிஞ்சு போச்சு."

"யாரு சொன்னா?"

"உலகமே சொல்லுது. புகைக்குக் கட்டுப்பாடு மேல கட்டுப்பாடா வருது. வெயிலும் வருஷா வருஷம் கூடுது. வெறுங்காத்தை நம்பி எத்தனை நாளைக்கு ஓடும்? சூடேறி நடுரோட்டுல நின்னுரும். இனிமே எல்லாம் ரேடியேட்டர்தான்."

"நம்ம வண்டி நின்னுச்சா?"

"இன்னும் நிக்கலை."

"பின்ன நிக்கும்னு எப்படிச் சொல்லுதிய?"

"நிக்காததெல்லாம் ஒருநாள் நிக்கத்தான செய்யும்."

சுந்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விடைத்தாளில் முட்டை போடுவதற்கு முன்னால் அவள் பார்க்கிற பார்வை அது.

"அத்தான், ரெண்டு மாசத்துக்கு முன்னால நான் ஒண்ணு கேட்டேன். ஆறரை பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸுல எனக்கு நிக்கக்கூட இடம் இல்லை, வண்டியைத் தாங்க, பழகிக்கிடுதேன்னேன். என்ன சொன்னிய?"

"கியர் வண்டி, கனம், உனக்குச் சரிப்படாதுன்னேன். அதுக்குத்தான் சொல்லுதேன், புது வண்டி வரட்டும். நானே உன்னைக் கொண்டு விடுதேன்."

"தினமுமா?"

"மழை இல்லாத நாள்ல."

"வெயிலடிச்சா?"

"வெயிலும் இல்லாத நாள்ல."

திருநெல்வேலியில் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வருஷத்துக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா என்ன.

"சரி, மாத்துங்க. ஆனா முதல்ல பழசை வித்துரணும். வாங்குதவர் கேக்குற கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லணும். நாளைக்கு ஒருத்தர் வந்து ஏமாத்திட்டியளேன்னு வாசல்ல நிக்கப்படாது. ஆளை நானே வரச் சொல்லுதேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஐயம்பெருமாள் மகிழ்ந்துபோனார். விழுந்தது யார் பாலில் என்று பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை வன்னியராஜ் வந்தார். முக்கூடல்காரர், வாழையிலை வியாபாரி, மகள் சுந்தரியிடம் படிக்கிறாள். முடுக்கில் நின்ற வண்டியைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தகடுகளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல ரேடியேட்டரைக் காணோமே."

"இல்லாததுதான வே இதோட விசேஷம். ரேடியேட்டர்னா ஒழுகும். கல்லு தெறிச்சா ஓட்டை விழும். அதுக்கொரு பம்பு, அதுக்கொரு ஃபேனு, அதுக்கொரு குழாய். ஒவ்வொண்ணும் ஒரு செலவு. இதுல என்ன இருக்கு ஒழுக? காத்து ஒழுகுமா?"

உள்ளே காபி ஆற்றுகிற சத்தம் சற்று நின்றது. பிறகு தொடர்ந்தது.

"வெயில் கூடிக்கிட்டே போவுது. சூடேறி நின்னுராதா?"

"பதினாலு கத்திரி வெயில் பாத்த வண்டி வே. ரெண்டு பேரை வச்சுப் பாபநாசத்துக்கு ஏறியிருக்கு. ஒருநாள் நின்னிருந்தா என் காதை அறுத்துக்கிடுதேன்."

"புகைக் கட்டுப்பாடு வருதுங்காவளே. இந்த மாதிரி இன்ஜினே இனிமே வராதாம்லா."

"எவன் சொன்னான்?" என்றார் ஐயம்பெருமாள். சொன்னவனை நேரில் கண்டால் விடமாட்டார் போலிருந்தது. "பெரிய இன்ஜினுக்கு வேணா தண்ணி வேணும். சின்ன இன்ஜினுக்குக் காத்தே போதும். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டா அளந்து விடுத கருவி வந்தாச்சு, புகையும் குறைஞ்சாச்சு. பால்காரரு எதுல போறாரு? நீரு எதுல போறீரு? கரண்டு வண்டி வரட்டும், தண்ணி வண்டி வரட்டும், எல்லாம் நல்லதுதான். வயக்காட்டுப் பாதையில ஒத்தை ஸ்பானரை வச்சுச் சரி பண்ணுதது இதை மட்டுந்தான். இன்னும் இருபது வருஷத்துக்கு இதை அசைக்க ஆளில்லை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலோ கெடுகிறோம் என்று தெரியாமல் கச்சேரியே செய்தது. சொல்லச் சொல்ல ஐயம்பெருமாள், இவ்வளவு நல்ல வண்டியையா விற்கிறோம் என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். நீல நிறத்தை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. பொம்பளையாளு ஓட்டணும். கனமா இருக்குமோ?"

"என்னத்த கனம்? பிடிச்சு உருட்டிப் பாரும். ஒரே வாரத்துல படிச்சிருவாவ. கூட ஓடி வரக்கூட ஆளு வேண்டாம்."

சுந்தரி காபியோடு வந்தாள். கூடவே இரண்டு தாளும் பேனாவும்.

"அத்தான், பேர் மாத்துத ஃபாரம். ஒரு கையெழுத்து."

வன்னியராஜின் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், விலையைக்கூடப் பேசாமல், அவள் காட்டிய இடத்தில் எல்லாம் ஐயம்பெருமாள் கையெழுத்துப் போட்டார். காட்டாத ஓர் இடத்திலும் போட்டார். வன்னியராஜ் காபியைக் குடித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நான் வாரேன் டீச்சர்."

"வே, வண்டியை விட்டுட்டுப் போறீரே."

"எனக்கெதுக்கு அண்ணாச்சி வண்டி? இலைக்கட்டுக்கு லோடு ஆட்டோ வாங்கி மூணு வருஷமாச்சு. டீச்சர் ஒரு பழைய வண்டி வாங்கப் போறாவளாம். விக்குதவரு டீச்சர் கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டாரு, நீங்க கேளுங்கன்னு எழுதிக் கொடுத்தாவ. எல்லாத்துக்கும் நல்லபடியாப் பதில் சொல்லிட்டிய." சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். வரிசை எண் போட்டு நாலு கேள்வி. கையெழுத்து, கரும்பலகையில் எழுதுகிற கையெழுத்து.

ஐயம்பெருமாள் ஃபாரத்தை அப்போதுதான் படித்தார். வாங்குபவர் சண்முகசுந்தரி. கணவர் பெயர் ஐயம்பெருமாள்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"விளையாட்டு டீச்சர் பொன்செல்வி வண்டியில ரெண்டு மாசமாப் பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சுத்துதேன். லைசென்ஸும் வந்துட்டு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரே உதை. பதினான்கு வருஷத்து இன்ஜின் முடுக்கு முழுக்கக் கேட்கும்படி கிளம்பியது. எதிர்வீட்டுச் சித்ரலேகா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். சுந்தரி பைய முடுக்கின் கோடி வரை போனாள், காலை ஊன்றித் திருப்பினாள், நிமிர்ந்த முதுகோடு திரும்பி வந்தாள். தனக்குக் கோபம் வரும் என்று ஐயம்பெருமாள் காத்திருந்தார். வந்ததென்னவோ பெருமைதான். இனி ஆறரை பஸ்ஸுக்கு இவள் ஓட வேண்டாம் என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது. இருபது வருஷம் என்று சொன்னது குறைவோ என்றுகூடப் பட்டது.

ஆனால் நீலமும் மறக்கவில்லை.

"சுந்தரி, நீ சொன்னபடி பழசை வித்தாச்சு. இனி நான் புதுசு வாங்கலாம்லா?"

"தாராளமா வாங்குங்க. எங்கன நிறுத்துவிய?"

ஐயம்பெருமாள் முடுக்கை இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். சுவர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"அப்போ நாளைக்கு ஆபீஸுக்கு நான் எதுல போக?"

"ஏன், உங்க இஷ்டப்படி ரேடியேட்டர் வண்டியிலயே போங்க அத்தான். பாளையங்கோட்டை டவுன் பஸ்ஸுல பெருசா வச்சிருக்கான்."