மாமாவின் முடியும் மஞ்சள் சட்டைக்காரர்களும்

குடிபாலா
29-6-2002, சனிக்கிழமை இரவு

பேரன்பும் பெருமதிப்பும் நிறைந்த சிட்டிபாபு மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் யமுனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, நைனா, தம்பி பிரவீன் நால்வரும் நலம். நால்வரில் இருவர் மொட்டை. மற்றபடி நலம். அங்கு உங்கள் நலத்தையும், முக்கியமாக உங்கள் தலைமுடியின் நலத்தையும் அறிய மிகவும் ஆவல்.

இதை நீங்கள் படிக்கும்போது குவைத் விமானத்திலிருந்து இறங்கி மீனம்பாக்கத்தில் இருப்பீர்கள். உங்களை அழைத்துவர நைனா மூன்று மணிக்கு எழுந்து முதல் பஸ்ஸுக்குப் போகிறார். அவர் பையில் அம்மா உங்களுக்காக வைத்திருக்கும் முறுக்கு டப்பாவுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கப்போகிறேன். நைனாவுக்குப் பல்வலி, முறுக்கைத் தொடமாட்டார். நீங்கள் அனுப்பிய டார்ச்சைப் போர்வைக்குள் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் மங்கிக்கொண்டே வருகிறது. அம்மா ஒரு முறை புரண்டு படுத்தாள். கையெழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தினால், படிப்புக் குறைவினால் அல்ல.

மாமா, நாளைச் சாயங்காலம் நாலரை மணிக்கு ஜப்பானில் உலகக் கோப்பை கால்பந்தின் கடைசி மேட்ச். பிரேசிலும் ஜெர்மனியும் ஆடுகின்றன. பிரேசில் ஜெயித்தால் உங்களுக்குத் திருமலையில் மொட்டை. அப்படி வேண்டிக்கொண்டது நான்தான். இது இதுவரை எனக்கும் சாமிக்கும் மட்டும் தெரியும்.

எப்படி இது நடந்தது என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். எங்கள் கணக்கு சார் சிவசங்கரன் வேலூர்க்காரர், கால்பந்து என்றால் சோறு தண்ணி மறப்பவர். இந்த மாதம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தே முதல் நாள் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி பிரேசிலும் இங்கிலாந்தும் ஆடிய நாள். அன்று காலை வகுப்புக்கு வந்து, "இன்னிக்கி பிரேசில் தோத்துச்சுன்னா திங்கக்கிழமை ஒன்பதாவது கணக்கு மொத்தமும் டெஸ்டு வெப்பேன். எனக்கு மனசு சரியில்லைன்னா உங்களுக்கும் சரியா இருக்கக்கூடாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் முதல் டெஸ்டில் முப்பத்தைந்துக்குக் கீழே வந்தால் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, விடியற்காலை ஆலமரத்து ஸ்டாப்புக்கு வரும் ஷூ கம்பெனி வேனில் ஏற்றிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். அந்த வேன் டிரைவர் இப்போதே என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்து, "இன்னா பாப்பா, எப்ப வர்றே? உனுக்கு ஜன்னல் சீட்டு வெச்சுக்கினு கீறேன்" என்கிறான். நீங்கள் வந்து நைனாவிடமும் அம்மாவிடமும் எனக்காகப் பேசுவீர்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நான் பத்தாவது புத்தகத்துக்கு அட்டை போட்டேன்.

அன்று தலைமை ஆசிரியர் மீட்டிங்குக்காகச் சித்தூர் போயிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கேபிள் இருக்கிற வீடு, நீங்கள் டிவி வாங்கிக்கொடுத்த நம் வீடுதான். பந்து வளைந்து போவதும் கணக்குதான், அதை நேரில் காட்டுகிறேன் என்று சொல்லி, சார் முப்பத்தொரு பேரையும் வரிசையாக நம் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார். அம்மா பயந்துபோய் வாசலிலேயே, "இன்னா சார், எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டாள். சார், "ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மறைக்குது" என்றார்.

கொஞ்ச நேரத்திலேயே இங்கிலாந்து ஒரு கோல் போட்டுவிட்டது. சார் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என் காதில் அந்த வேனின் ஹாரன் சத்தம் கேட்டது. உடனே மலை இருக்கிற பக்கம் பார்த்து, கோவிந்தா, இந்தப் பிரேசில்காரர்கள் ஜெயித்தால் முடி காணிக்கை தருகிறேன் என்று மனசுக்குள் சொன்னேன். யார் முடி என்று சொல்வதற்காகக் கண்ணைத் திறந்தேன். டிவிக்கு மேலே உங்கள் போட்டோ. நீங்கள் குவைத் போவதற்கு முன்னால் சித்தூர் ஸ்டுடியோவில் எடுத்தது. காதை மூடிக்கொண்டு, நெற்றியில் சுருண்டு, வெளிச்சம் பட்டுப் பளபளக்கிற அந்த முடி. "எங்க சிட்டிபாபு மாமா முடி" என்று வாய் முணுமுணுத்துவிட்டது. ஏன் உன் முடியைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன் மாமா, என் முடி எனக்கு ஞாபகமே வரவில்லை. இடைவேளைக்கு முன்னால் பிரேசில் ஒரு கோல், இடைவேளைக்குப் பின்னால் இன்னொரு கோல். சார் அம்மாவிடம் காபி கேட்டார். டெஸ்டு போயிற்று.

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. வருகிற புதன்கிழமை உங்களுக்கு நிச்சயதார்த்தம். நாராயணவனத்துப் பெண் வீட்டார் எதைப் பார்த்துச் சம்மதித்தார்கள் என்று உங்களுக்கு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். பெண் பிரமிளா அத்தைக்கு இதற்கு முன் பேசிய மாப்பிள்ளை தோஹாவில் வேலை செய்தவராம். தட்டு மாற்றுகிற நாளில், பெண்ணின் அப்பா ஆசீர்வாதம் பண்ணத் தலையில் கையை வைத்தாராம். முடி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டதாம். அது டோப்பா. அதிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. நம் வீட்டுக்கு வந்தபோது உங்கள் போட்டோவை ஜன்னலோரம் எடுத்துப்போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வேலை, சம்பளம்லாம் அப்புறம் பேசலாம். தலை அசல்தானா, அதை மொதல்ல சொல்லுங்க" என்றார். அம்மா என் தலையில் அடித்தே சத்தியம் செய்தாள். அப்படிப்பட்டவர் முன்னால் நீங்கள் மொட்டையாக வந்து நின்றால் என்ன ஆகும்? கல்யாணம் நிற்கும். யாரால் நின்றது என்று விசாரிப்பார்கள். நான் வேனில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

அதனால் சாமியிடம் திரும்பப் பேசினேன். ஒரு மேட்ச் ஜெயித்தது சேராது, கோப்பையையே ஜெயித்தால்தான் முடி என்று மாற்றிக்கொண்டேன். அவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று மறுநாளே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை நைனா மூட்டை வேர்க்கடலையோடு போய், டிவிஎஸ் வண்டியிலிருந்து விழுந்து, பாதி மூட்டை ரோட்டில் கொட்டிப்போய்விட்டது என்று மீதியோடு வந்தார். அவர் உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை, அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. திங்கட்கிழமை களி கிண்டும்போது அம்மா கையைச் சுட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அம்மா பொறுக்காமல் குறி சொல்கிற லட்சுமம்மாவைக் கூட்டிவந்தாள். லட்சுமம்மா சோழியை உருட்டி, கண்ணை மூடி, "இந்த ஊட்டுல ஒரு வேண்டுதல் பாக்கி கீது. மலைமேல கீறவன் முடி கேக்கறான்" என்றாள். அம்மா ஒவ்வொருவராக முறைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா எழுந்து, "நான்தான் செங்கம்மா. போர் போட்டப்ப தண்ணி வரணும்னு வேண்டிக்கினேன். மறந்துட்டேன்" என்றார். "அந்த போர்ல தண்ணியே வர்லியே?" என்று அம்மா கேட்டதற்கு, "ஈரம் வந்துச்சே" என்றார்.

புதன்கிழமை பிரேசிலுக்கும் துருக்கிக்கும் மேட்ச். தோற்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்தேன். கையில் கட்டுப்போட்டுக்கொண்டு அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடீ, எல்லாரும் மஞ்சா துணி போட்டுக்கினு கீறாங்க, மலைக்கு நடந்து போறவங்களா?" என்றாள். அவர்களில் ஒரு ஆட்டக்காரர் தலை முழுவதும் மழித்து, முன் நெற்றியில் மட்டும் அரைவட்டமாகக் கொஞ்சம் முடி விட்டிருந்தார். அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "அய்யய்யோ, பாதி மொட்டையில எழுந்து ஓடியாந்துட்டான் பார்றீ!" என்றாள். அடுத்து அவர்தான் கோல் போட்டார். அந்த ஒரு கோலில் பிரேசில் ஜெயித்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாதி முடி குடுத்தவனுக்கே சாமி இவ்ளோ செய்றாரு, முழுசா குடுத்திருந்தா?" என்றாள். நான் உங்கள் போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை நைனா திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். ஒருவேளை பத்தாமல் போனால் என்று பிரவீனையும் இழுத்துப்போனார். நைனாவின் மீசையும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. என் பாவத்துக்கு அவர் மீசை போயிற்றே என்று நான் மாட்டுக்கொட்டகையில் நின்று அழுதேன். அப்படியும் சாமி ஏமாறவில்லை. நேற்று மோட்டார் மறுபடியும் எரிந்தது. அவருக்கு யார் முடி வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஜெர்மனிக்காக வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஒரே சாமியிடம் இரண்டு பக்கமும் எப்படிப் பேசுவது? ஆகையால் நீங்கள்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். சென்னையில் வேறு கோவில் ஏதாவது வழியில் இருந்தால் இறங்கி, ஜெர்மனி ஜெயிக்கட்டும் என்று சொல்லுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன், முடியை மட்டும் வேண்டிக்கொள்ளாதீர்கள். தேங்காய் போதும். பிரேசில் ஜெயித்தே விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்தால் கல்யாணம் நிற்கும், கொடுக்காவிட்டால் வீடு எரியும்.

அக்கா மகளின் இந்த ஒரு தப்பை மன்னித்து, நீங்களும் பிரமிளா அத்தையும் முடியோடும் பூவோடும் நூறாண்டு வாழ வேண்டுகிறேன். பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கவேண்டாம், தலை கலையும் என்று உங்களிடம் சொல்லச் சொல்லி அம்மா நைனாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் தலைக்கு உலை வைத்த,
யமுனா,
பத்தாம் வகுப்பு (இப்போதைக்கு)

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் இதைப் படியுங்கள். கடிதத்தை வைக்கப் பையைத் திறந்தேன். முறுக்கு டப்பாவுக்கு அடியில் குவைத் ஸ்டாம்பு ஒட்டிய ஒரு கவர். அதிலிருந்து ஒரு போட்டோ நழுவி விழுந்தது. யாரோ வழுக்கைத் தலைக்காரர், உங்கள் முதலாளி போலிருக்கிறது என்று டார்ச்சைக் கிட்டே பிடித்தேன். அவர் உங்கள் சட்டையைப் போட்டிருந்தார். அப்புறம் பார்த்தால் உங்கள் மூக்கு.

அதற்குள் பின்னாலிருந்து, "இன்னா பண்ணிக்கினு கீற?" என்று நைனா குரல். கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நைனா, மாமாவுக்கு முடி எங்க?" என்றேன்.

நைனா என் வாயைப் பொத்தி வாசலுக்குக் கூட்டிப்போனார். "மெதுவாப் பேசு. அந்த ஊரு தண்ணி அப்பிடி. ஒரே வருசத்துல பூடுச்சாம். டோப்பா வாங்கி வெச்சிருக்கேன், போட்டுக்கினு வரட்டுமான்னு போன மாசம் எழுதிக் கேட்டான். பொண்ணோட அப்பா தலைமேல கைய வெச்சு ஆசீர்வாதம் பண்ணாம உடுவாரா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நாராயணவனத்துக்கே தெரிஞ்ச மாதிரி."

"அப்ப லட்சுமம்மா சொன்னது?"

"நான் சொல்லச் சொன்னேன். அரை மூட்டை வேர்க்கடலை வாங்கிக்கினா."

"மோட்டாரு?"

"அது எப்பவும் எரியறதுதான்."

"அப்ப நீ ஏன் நைனா மொட்டை போட்டுக்கினே?"

அவர் மீசை இருந்த இடத்தைத் தடவினார். "ஒருத்தன் மட்டும் மொட்டையா வந்தா ஏன்னு கேப்பாங்க. மொத்த ஊடும் மொட்டையா கீதுன்னா கோவிந்தான்னுட்டுப் பூடுவாங்க. திருப்பதி மொட்டையை யாரும் இழுத்துப் பாக்க முடியாது. இன்னிக்கி மீனம்பாக்கத்துல எறங்கனதும் அவனை நேரா மலைக்குத்தான் கூட்டிக்கினு போறேன். சந்தனம் பூசிக்கினு, லட்டு வாங்கிக்கினு திங்கக்கிழமை வர்றோம். முடி மொளைக்க லேட்டானா, கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

நான் என் வேண்டுதலைச் சொன்னேன். நைனா வெகு நேரம் சத்தமில்லாமல் சிரித்தார். எழுதியதைக் கிழிக்கவேண்டாம், அப்படியே வை என்றார். அவருக்கு மணி ஆகிவிட்டது, முகம் கழுவப் போயிருக்கிறார்.

மாமா, டோப்பாவை மீனம்பாக்கத்திலேயே விட்டுவிடுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். நீங்களும் என் பள்ளிக்கூடத்து விஷயத்தை மறக்கமாட்டீர்கள். காதுக்கு மேலே கொஞ்சம் முடி மிச்சம் இருப்பது போட்டோவில் தெரிகிறது. மலைக்குப் போகும்வரை அதைச் சீவாதீர்கள், சாமிக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். சாயங்காலம் பிரேசில் ஜெயித்துவிட்டால் என் வேண்டுதல் சரியாகிவிடும், நாம் யாரிடம் சொன்னதும் பொய்யாகாது. ஒருவேளை தோற்றுவிட்டால், கொடுத்த முடியைச் சாமி அட்வான்ஸாக வைத்துக்கொள்ளட்டும் என்று என் சார்பில் சொல்லிவிட்டு வாருங்கள். மார்ச்சில் எனக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறது.