மூன்றாம் மாடியில் நங்கூரம்

அடுத்த வருஷப் பொங்கல் கடலில்தான் என்று இராஜமாணிக்கம் முடிவெடுத்தபோது, தில்லி துவாரகாவில் அவன் குடியிருந்த மூன்றாம் மாடியில் இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

எல்லாம் ஞானசீலன் அனுப்பிய ஈமெயிலால் வந்தது. கூடப் படித்தவன். மலேசியாவில், லங்காவித் தீவோரம், பாய்மரப் படகிலேயே குடியிருப்பவன். ஒரு வருடம் வேலையாக வளைகுடா போகிறானாம். படகில் குடியிருந்து பார்த்துக்கொள்ள நம்பகமான குடும்பம் தேவை. வாடகை கிடையாது. பொங்கலுக்குள் பதில் வேண்டும்.

இராஜமாணிக்கத்துக்கு அலுத்துப்போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் பஸ், ஒன்பது மணி நேரம் ஃபைல், மறுபடியும் ஒன்றரை மணி நேரம் பஸ். வீட்டுக்கு வந்தால் பத்து மாதக் கயல்விழி பல் முளைக்கிற கோபத்தில் இருப்பாள். லீவு போட்டுவிட்டுப் போனால் காற்று தள்ளும், அவன் படுத்திருப்பான். கடலோடு அவனுக்கு உள்ள பழக்கம் மெரினாவில் ஒருமுறை முழங்கால் வரை என்பது வேறு விஷயம்.

மனைவி வசுமதி கடைசிச் சொம்புத் தண்ணீரில் பால் புட்டியைக் கழுவியபடி ஒரே வார்த்தை கேட்டாள்.

"குழந்தை?"

"பேரே கயல். தண்ணி என்ன புதுசா அவளுக்கு?"

"உங்க பேரு இராஜமாணிக்கம். கிரீடம் எங்க வச்சிருக்கீங்க?"

"இடுப்புல ஒரு கயித்தக் கட்டிவிட்டாப் போச்சு. படகுல எல்லாரும் அப்படித்தான் வளக்கறாங்களாம்."

அவள் அழவில்லை. சண்டை பிடிக்கவில்லை. இராஜமாணிக்கம் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

"சரிங்க. பொங்கலன்னைக்கு ஒரு ஒத்திகை பாத்துருவோம்" என்றாள்.

வீட்டின் ஆங்கிலக் கடிதங்கள், ஈமெயில்கள் எல்லாம் அவள் இலாகா. கான்வென்ட் படிப்பு. அவன் சொல்லச் சொல்ல, அவன் சொல்லாததையும் சேர்த்து எழுதுவாள்.

பொங்கலன்று காலை கூடத்தின் நடுவில் சாக்பீஸால் படகு வரைந்தாள். பத்தடிக்கு எட்டடி, ஞானசீலன் எழுதியிருந்த உள்ளறை அளவு. கோட்டைத் தாண்டினால் கடல். உள்ளே ஒரு மெத்தை, இரண்டு குடம் தண்ணீர், மேஜைமேல் அடுப்பும் பானையும். துப்பட்டாவின் ஒரு முனை கயலின் இடுப்பில். மறுமுனை கேப்டன் இராஜமாணிக்கத்தின் கணுக்காலில்.

"கிழக்கு எதுங்க? பால் அந்தப் பக்கமாப் பொங்கணும்."

"பால்கனிப் பக்கம்."

"காத்தடிச்சா படகு திரும்புமே?"

"திரும்பும்."

"அப்ப கிழக்கு?"

மூடுபனியில் தில்லிச் சூரியனே வழி தெரியாமல் நின்ற காலை அது.

அழைப்பு மணி அடித்தது. இராஜமாணிக்கம் எழுந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பால்காரன்."

"அது கரை. தோணியிலதான் போகணும்." குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஒரு காலை வைத்து, மறு காலால் தரையைத் தள்ளித் தள்ளி வாசலுக்குப் போனாள். "பையா, ருக்கோ!" என்று இந்தியில் பால்காரனை நிறுத்திவைத்தாள். "ஏங்க, அப்படியே எதிர்வீட்டுல ஏலக்காய் வாங்கிட்டு வரேன். நங்கூரம் போட்ட படகுல ஒருத்தர் எப்பவும் இருக்கணும். நீங்க சொன்னதுதான்."

தோணி ஒன்றுதான். அதுவும் போய்விட்டது.

அவள் திரும்புவதற்குள் கயல் பதினொரு முறை கடலில் விழுந்தாள். ஒவ்வொரு முறையும் கேப்டன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். சில முறை அவள் அவரை இழுத்தாள். அப்படித்தான் அவர் தலை சோபாவுக்கு அடியில் போனது. வசுமதி வந்து பானையில் பாலை ஊற்றியபோது குழந்தை அவன் வயிற்றின்மேல் சுருண்டிருந்தது. இராஜமாணிக்கம் மெத்தையில் சாய்ந்தான். ஒரே நிமிஷம்தான் கண்ணை மூடினான்.

விழித்தபோது பால் பொங்கி வழிந்த வாசனை. கணுக்காலில் முடிச்சு பத்திரமாக இருந்தது. துப்பட்டாவின் மறுமுனை காலி.

சாக்பீஸ் கோடு ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அழிந்திருந்தது. சின்ன முழங்கால்கள் போன தடம். அவன் கண் முதலில் பால்கனிக் கதவுக்குப் போனது.

கோட்டுக்கு அப்பால், தொட்டிக்குள் உட்கார்ந்து, கயல் அவனுடைய செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வசுமதி. தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"எந்திரிச்சிட்டீங்களா? பால் பொங்கிருச்சு. எந்தப் பக்கம்னுதான் தெரியல."

அவன் கடலில் இறங்கி நடந்துபோய் மகளைத் தூக்கிக்கொண்டான்.

மூன்றாவது கரண்டி சர்க்கரைப் பொங்கலுக்குப் பிறகுதான் குரலில் கேப்டன் திரும்பி வந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன், வசு. கடல் நமக்குச் சரிப்படாது. குடும்பத் தலைவன்னு இருந்தா சில ஆசையை விட்டுத்தான் ஆகணும். ஞானசீலனுக்கு எழுதிப் போட்டுடு. இது என் முடிவுன்னு அழுத்தமா எழுது."

"எழுதி ஒரு வாரமாச்சுங்க. அழுத்தமாத்தான்."

"என் பேர்லயா?"

"உங்க முடிவுன்னா உங்க பேர்லதானே எழுதணும்? உங்க பொறுப்பைப் பாத்து அசந்துட்டதா அவர் பதில்கூடப் போட்டாச்சு."

கரண்டி பாதி வழியில் நின்றது.

"அப்புறம் காலையிலேருந்து இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?"

வசுமதி ஈரத்துணியை எடுத்துப் படகைத் துடைக்கத் தொடங்கினாள்.

"ஏன் வரலைன்னு நாளைக்கு யாராவது கேட்டா, உங்களுக்கும் காரணம் தெரிஞ்சிருக்க வேண்டாமா?"