கைபடாத கறுப்பு

நாணயம் மாதிரியான அந்தச் செப்பு வில்லையில் இருந்தது சோப்பு விளம்பரமா, தையல் மெஷின் விளம்பரமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. நாற்றம் மட்டும் மறக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உலகக் கண்காட்சி ஒன்றில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு யாரோ ஒரு வியாபாரி விளம்பரத்துக்காக அள்ளிக் கொடுத்த வில்லை அது. என் பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பழம்பொருள் சேகரிப்போர் சங்கத் தலைவரிடமே வாங்கியிருந்தார்.

"நூறு வருஷத்துக்கு மேல தானா ஏறின கறுப்பு. துணி பட்டாலே மதிப்பு போச்சு!" என்று தலைவர் எச்சரித்திருந்தார். வில்லையை எப்படி வைத்திருக்கிறார் என்று வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் சங்கத்தில் இடம். அந்த இடத்துக்காகக் கடைக்காரர் பல வருடமாகத் தவம் கிடந்தார்.

தலைவர் வரவிருந்த நாள் காலையில் அலமாரியைத் திறந்தால், வில்லை தகதகவென்று மின்னியது.

"அத்தை! இதை யாரு தொட்டது?"

"நான்தான் மாப்பிள்ளை. ஒரே அழுக்கு. பல்பொடி போட்டுத் தேய்ச்சேன். இப்பப் பாருங்க, மூஞ்சி தெரியுது!"

தெரிந்தது. அழுகிற மூஞ்சி.

மெழுகுவத்திப் புகையில் காட்டினார். கரி விரலில் ஒட்டியது. விரலிலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து சோபாவுக்கு. வில்லை மட்டும் மின்னியது.

அவித்த முட்டையோடு மூடி வைத்தால் செம்பு கறுக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஒரு முட்டையை நசுக்கி டப்பாவில் அடைத்தார். வில்லையில் தேமல் படர்ந்தது. வீட்டிலிருந்த முட்டையெல்லாம் உள்ளே போனது.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "வீட்டுல என்னங்க செத்துப்போச்சு?"

"என் மானம்."

அழைப்பு மணி அடித்தது. கறுத்திருந்த வில்லையை அவசரமாகக் கழுவி மேசையில் வைத்தார்.

தலைவர் தன் மனைவியோடு வந்திருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்காரர் மூச்சே விடவில்லை; அதற்கு நாற்றமும் ஒரு காரணம்.

"இதுதான்யா கைபடாத கறுப்பு! நான் குடுத்தப்ப எப்படியோ, அப்படியே இருக்கு. சங்கத்துல சேர்த்தாச்சு!"

தலைவரின் மனைவி சமையலறைப் பக்கம் மோப்பம் பிடித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, எங்க வீட்டு வாசனை! இவரும் விக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வில்லையையும் முட்டையோடதான் அடைச்சு வைப்பாரு!"

தலைவர் இன்றும் தலைவர்தான். கடைக்காரர் செயலாளர். அத்தையிடம் அலமாரிச் சாவி கிடையாது. இரண்டு வீட்டிலும் யாரும் முட்டை சாப்பிடுவதில்லை.