இணையத்தில் வந்த என் முதல் கதை

அச்சில் வந்த தங்கள் முதல் கதையை எழுத்தாளர்கள் நூறு தடவை பார்ப்பார்களாம். நான் ஒருமுறைகூடப் பார்க்காமல் பெண் வீட்டாருக்குக் காட்டக் கிளம்பியவன்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர், மனதுக்குள் எழுத்தாளர். (ஓர் எழுத்துதானே வித்தியாசம்!) பன்னிரண்டு கதைகளைத் திருப்பியனுப்பிய சென்னை வார இதழ், பதின்மூன்றாவதற்குக் கடிதம் போட்டது: ‘அச்சில் இடமில்லை. புதிதாகத் தொடங்கிய இணையப் பதிப்பில் வெளியிட்டிருக்கிறோம்.’

அந்த வாரம்தான் சரஸ்வதிபுரத்தில் மாலதியைப் பெண் பார்க்கப் போனோம். அவள் அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். பீரோ நிறையத் தமிழ் வார இதழ்களை பைண்டு செய்து வைத்திருந்தார்.

“எழுத்தாளர்னு சொன்னாங்க. எந்த புக்குல வந்திருக்கு?”

“இன்டர்நெட்ல சார்.”

“ஹௌதா, அப்படியா? புக்குல வராதா?”

“இனிமே புக்கெல்லாம் எதுக்கு சார்?” (அந்த பீரோவில் சாய்ந்துகொண்டு சொன்னேன். கொழுப்பு.)

அவர் முகம் சுருங்கியது. “சரி, காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

மறுநாள் காலை பிரவுசிங் சென்டரில் நானும் அவரும் மாலதியும் உட்கார்ந்தோம். இதழின் முகப்புப் பக்கம் திறந்தது. திரை முழுக்கக் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் தலைகீழான கேள்விக்குறிகளும்.

“ஏன் சார், வைரஸா?” என்று கன்னடத்தில் பதறினார் கடைக்காரர்.

“இது எந்த பாஷை தம்பி?” என்றார் மாலதியின் அப்பா.

“பழகினா படிக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டேன். ஏதோ ஒரு வரியை அழுத்தி, வந்த பக்கத்தில் விரலை ஓட்டியபடி, மனப்பாடமாக இருந்த கதையை ஒப்பித்தேன். பட்டாளத்துக்குப் போன மகனுக்காக ரயில் நிலையத்தில் காத்திருக்கும் தாய். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

இதற்குள் மாலதி மௌஸைத் தன் பக்கம் இழுத்து எதையோ அழுத்தியிருந்தாள். (கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று தரகர் சொன்னபோது நான் கேசரியில் மூழ்கியிருந்தேன்.) தமிழ் எழுத்துரு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“மகனே என்று கையை நீட்டினாள்…” என்று நான் தழுதழுத்தபோது திரையில் பளிச்சென்று தமிழ் வந்தது. என் விரலுக்கு நேரே: ‘வெண்டைக்காயை எண்ணெயில் வதக்கவும்.’

பெரியவர் தலைப்பை எழுத்துக்கூட்டினார். “மோர்க்குழம்பு… நான் இதுக்கா தம்பி அழுதேன்?”

மாலதி வாயைப் பொத்திக்கொண்டாள். பலனில்லை. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்ப்யூட்டர்க்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

“மன்னிச்சுருங்க சார். கதை நெஜமாவே இருக்கு. எங்கேன்னுதான் தெரியல” என்று எழுந்தேன்.

“உக்காருங்க” என்று சொல்லிவிட்டு மாலதி தேடி எடுத்தாள். கதை, கீழே என் பெயர். பெரியவர் திரையில் மூக்கு உரசப் படித்தார். அதே இடத்தில் மறுபடி அழுதார்.

“நல்லாத்தான் எழுதறீங்க. ஆனா புக்குல வந்திருந்தா இந்த மானக்கேடு உண்டா?”

“அப்பா, எனக்குச் சம்மதம்” என்றாள் மாலதி. “சமையல் குறிப்பையே இவ்ளோ உருக்கமா படிக்கறார், சும்னே விடலாமா?”

அந்த வார இதழ் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. நான் இப்போது இணையத்தில் மட்டுமே எழுதுகிறேன். புதுக்கதையை வீட்டில் வாசிக்கும்போது, சோகம் உச்சத்துக்கு வந்து என் குரல் கம்மினால் போதும், மாலதி கேட்பாள்:

“உப்பு எப்போ போடணும்?”